துரை வந்த தீபாவளி

பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘தி ஆபிஸ்’ பார்ப்பது நல்ல யோசனை இல்லை. ஆனால் அன்று தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவர் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் வேலை செய்வதுபோல் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். திரையில் புடவைக் கூட்டம் தெரிந்ததும் எட்டிப் பார்த்தார்.

“யாருடா இது, நம்ம ஆளுங்களா?”

“அமெரிக்காவுல தீவாளி கொண்டாடுறாங்க பாட்டி.”

“நடுவுல நிக்கிற வெள்ளக்காரன்?”

“அவன்தான் மேனேஜர்.”

கொஞ்ச நேரம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “தொர வந்திருக்காரு, ஒருத்தரும் மாலை போடலியேடா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

அது 2006 நவம்பர் 2-ஆம் தேதி என்பிசியில் ஒளிபரப்பான ‘திவாலி’ என்ற அத்தியாயம். ஸ்க்ரான்டன் ஊரில் ஒரு காகித விற்பனைக் கம்பெனி. அங்கே வேலை செய்யும் கெல்லி கபூர் எல்லாரையும் தீபாவளிக்கு அழைக்கிறாள். மேனேஜர் மைக்கேல் ஸ்காட் ஒட்டுமொத்த ஆபிஸையும் கிளப்பிக்கொண்டு போகிறான். அது மாறுவேட விருந்து என்று நினைத்துத் தன் காதலியையும் வேஷம் கட்டி அழைத்துப் போகிறான். சமோசாவை வேறு ஏதோ அமெரிக்க இனிப்பு என்று நினைத்துக் கடித்துவிட்டு, நன்றாக இல்லை என்கிறான். பிறகு மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் காதலியிடம் கல்யாணத்துக்குக் கேட்டு மூக்குடைபடுகிறான். கெல்லியிடம் தீபாவளி ஏன் கொண்டாடுகிறோம் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. ரொம்பப் பழசு என்பது மட்டும் தெரியும்.

எழுதியவர் கெல்லியாக நடித்த மிண்டி கேலிங். அவருடைய அப்பா தமிழர், அம்மா வங்காளி. கேலிங் என்பது சொக்கலிங்கத்தின் வால். மேடையில் அறிவிப்பவர்களுக்கு முழுப்பெயர் வாயில் நுழையவில்லை என்று வெட்டிக்கொண்டார். (நம் அடையாள அட்டைகளில் தாத்தாக்களின் பெயர்கள் என்ன பாடு பட்டன என்று யோசித்தால் இது ஒன்றும் பெரிய சேதமில்லை.) அப்பா தமிழராக இருந்தும் அத்தியாயத்தில் வருவது முழுக்க வடக்கத்தித் தீபாவளி. அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் கேலிங்கின் சொந்த அப்பா அம்மா. மைக்கேல் அவர்களோடு உட்கார்ந்து, உங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணமா என்று குடைகிறான். அவர்கள் நிதானமாகப் பதில் சொல்கிறார்கள். எழுந்து நிற்கவில்லை, கை கட்டவில்லை. அசடு வழிவது மேனேஜர்தான்.

பாட்டி பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் கோலசிலாங்கூர். ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வரை (இப்போது பெஸ்தாரி ஜெயா, ஆனால் பாட்டியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்) சாலையின் இருபுறமும் செம்பனை. மலாயாவில் வணிக ரீதியாக முதன்முதலில் செம்பனை நட்டது இங்கேதான், 1917-இல். தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ப்பெயர்தான், ஆங்கில எழுத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்து இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் போட்டவர். பிறகு ‘மலேஸி’ என்ற நாவலை எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். ஆக, எங்கள் ஊர்க் காட்டைப் பற்றி உலகம் வாசித்த நூல் ஒரு துரை எழுதியது. அதே காட்டில் பால்மரம் வெட்டியவர்கள் துரையைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடினால் கையில் அகப்படுவது நாவல் அல்ல, ஒரு கோரிக்கைப் பட்டியல்.

1941. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்குப் பெரிய தேவை, தோட்டங்களுக்கு நல்ல லாபம். கூலி மட்டும் நகரவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னால் நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர்.எச்.நாதனும். அவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். முதல் கட்டத்தில் பேச்சு கூலியைப் பற்றித்தான். கொஞ்சம் கூட்டியும் கொடுத்தார்கள். அடங்கிவிடும் என்று தோட்ட நிர்வாகங்கள் நினைத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது சுற்றில் வந்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது.

சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, ஒழுங்கான மருத்துவ வசதி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, சங்கம் வைக்க உரிமை என்று அதில் நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் இருக்கின்றன. கொடுமைக்கார டிரஸர்களை நீக்க வேண்டும். வெள்ளைத் துரைகளும் கிராணிகளும் பெண் தொழிலாளிகளிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும். இவற்றின் நடுவில் இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்.

இந்த வரியை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பொறியாளனாக நான் அன்றாடம் பார்க்கும் பட்டியல்களில் பெரிய பழுதும் சின்னப் பழுதும் தனித்தனியாக இருக்கும். இங்கே சைக்கிள் சமாச்சாரம் சம கூலியோடு ஒரே பட்டியலில் நிற்கிறது. எழுதியவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கவில்லை. சைக்கிள் அவர்கள் தங்கள் காசில் வாங்கியது. கம்பெனி மரம், கம்பெனி லயம், கம்பெனி டிரஸர், கம்பெனி கள்ளுக்கடை என்ற உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வாகனம். அதிலிருந்தும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதுவும் வெள்ளைக்காரருக்கு மட்டுமல்ல, நம்மவரான கிராணிக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மே 16-இல் மாநிலத்தில் அவசரகாலம் அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் துரைகள் பங்களாக்களை விட்டு ஓடியது தனிக்கதை.

மைக்கேல் ஸ்காட்டைப் பார்த்து நாம் சிரிப்பது எதனால் முடிகிறது? அவன் முட்டாள் என்பதால் மட்டும் இல்லை. தோட்டத்திலும் முட்டாள் துரைகள் இருந்திருப்பார்கள். லயத்தில் அவர்களுக்குப் பட்டப்பெயர் இருந்தது, பாட்டிக்கே மூன்று தெரியும், ஒன்றுகூட இங்கே எழுதும்படி இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு லயத்தைத் தாண்டாது. காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது முகத்தில் அதன் சுவடு இருக்கக் கூடாது. ‘திவாலி’யில் அது வெளியே வருகிறது. அந்தத் தொடரின் ஆரம்பத்தில் எட்டு எழுத்தாளர்களில் ஒரே பெண் கேலிங்தான். தன் வீட்டுப் பண்டிகைக்கு மேனேஜரை அவர் அழைத்தது அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தானே எழுதிவைத்துவிட்டு.

எங்கள் கம்பெனியிலும் தீபாவளி உண்டு. பெரிய பாஸ் குர்தா போட்டுக்கொண்டு வருவார், முறுக்குத் தட்டோடு படம் எடுப்பார்கள். போன வருடம் தீபாவளியின் வரலாற்றை மூன்று நிமிடத்தில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது, இருப்பவர்களில் தமிழன் நான்தான் என்று. கெல்லி மாதிரியே எனக்கும் தெரியவில்லை, முதல் நாள் இரவு கூகளில் தேடினேன். நரகாசுரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வைத்து ஒரு நல்ல காட்சி எழுதலாம். இன்னும் எழுதவில்லை.

அதே அத்தியாயத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. வேறு ஊர்க் கிளைக்கு மாறிப்போன ஜிம் அன்று சைக்கிளில் வேலைக்கு வருகிறான், வியர்த்து வழிய. ராத்திரி ஆபிஸிலேயே குடித்துவிட்டு, வீட்டுக்கு ஓட்டப் பார்த்துக் கீழே விழுகிறான். அந்தக் காட்சி வந்தபோது பாட்டி முதல்முறையாகச் சிரித்தார். பிறகு மாவைப் பிசைந்துகொண்டே அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். சண்டையெல்லாம் முடிந்து, வெள்ளைக்காரன் போய், நம் நாட்டு மேனேஜர் வந்த பிறகும், பங்களா முச்சந்தி வந்தால் அவர் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாராம். பின்னால் உட்கார்ந்திருக்கும் இவரும் குதித்து இறங்க வேண்டும்.

“யாருமே இருக்க மாட்டாங்கடா அங்க. நாய்கூட இருக்காது. ஏம்பா எறங்குறன்னு கேட்டேன் ஒருநாளு.”

“என்ன சொன்னாரு?”

“மேடா இருக்காம். மிதிக்க முடியலையாம்.” மாவை உருட்டி அச்சுக்குள் போட்டார். “அது தரைடா. நல்லா சமமான தரை.”