பருவப் பெயருக்கு முன்னால் 'தி' வருமா? ஆங்கிலப் பருவங்களின் கதை

ஆங்கிலத் தேர்வுகளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. 'குளிர்காலத்தில்' என்று சொல்ல 'இன் விண்டர்' சரியா, 'இன் தி விண்டர்' சரியா? பருவப் பெயருக்கு முன்னால் 'தி' கூடாது என்று ஓர் இலக்கணப் புத்தகம் சொல்லும். போட்டாலும் தவறில்லை என்று இன்னொன்று சொல்லும். அமெரிக்கக் கதை ஒன்றைத் திறந்தால் 'இன் தி ஃபால்' என்று இருக்கும். மாணவர்கள் யாரைத்தான் நம்புவது? இந்தப் பெயர்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழங்கால ஆங்கிலேயர்களுக்குப் பருவங்கள் இரண்டே இரண்டுதான்! வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி, காலக் கணக்கைப் பற்றி 725ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். தம் முன்னோர்கள் பகல் நீண்டிருக்கும் ஆறு மாதங்களைக் கோடை என்றும், இரவு நீண்டிருக்கும் ஆறு மாதங்களைக் குளிர்காலம் என்றும் பிரித்தார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். இன்றைய 'சம்மர்', 'விண்டர்' இரண்டும் அந்தப் பழைய சொற்களின் தொடர்ச்சியே. அந்தக் காலத்தில் ஒருவருடைய வயதைக்கூட 'இத்தனை குளிர்காலம்' என்று எண்ணினார்கள். குளிரைத் தாண்டிப் பிழைத்தால்தானே ஒரு வருடம் கணக்கில் சேரும்!

இடைப்பட்ட பருவங்களுக்கும் பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் இருந்தன. வசந்தத்துக்கு 'லெங்க்டென்' என்று பெயர். பகல் நீளத் தொடங்கும் காலம் என்பதால் 'நீளம்' என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு உண்டு. இலையுதிர் காலத்துக்கு 'ஹேர்ஃபெஸ்ட்', அதாவது அறுவடைக் காலம்.

இந்த இரண்டு பெயர்களும் நிலைக்கவில்லை. ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கும் நோன்புக் காலத்துக்கு 'லென்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், பருவத்துக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. 'ஹார்வெஸ்ட்' என்ற சொல்லோ மெல்ல மெல்ல அறுவடை வேலையை மட்டும் குறிக்கத் தொடங்கியது. அந்த இடத்துக்கு லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக 'ஆட்டம்' வந்து சேர்ந்தது. (நம் ஊர் ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) 16ஆம் நூற்றாண்டில் மக்கள் மரங்களைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். தளிர் துளிர்த்து எழும் காலம் 'ஸ்பிரிங்'. இலை உதிரும் காலம் 'ஃபால் ஆஃப் தி லீஃப்', அதாவது இலையின் வீழ்ச்சி. ரோஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட 'டாக்சோஃபிலஸ்' என்ற வில்வித்தை நூலில் நான்கு பருவங்களை வரிசைப்படுத்தும்போது இலையுதிர் காலத்துக்கு இந்தப் பெயரைத்தான் தருகிறார்.

17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் 'ஃபால்' என்ற சொல்லையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே அது வேரூன்றிவிட்டது. இங்கிலாந்திலோ 'ஆட்டம்' வென்றது. 1816இல் ஜான் பிக்கரிங் அமெரிக்கச் சொற்களைத் தொகுத்து நூலாக்கியபோது 'ஃபால்' அதில் இடம்பெற்றது. 1906இல் ஃபௌலர் சகோதரர்கள் எழுதிய ஆங்கில நடை நூலில், 'ஆட்டம்' என்பதைவிட 'ஃபால்' நல்ல சொல் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலேயர் அதைக் கைவிட்டுவிட்டதால், இனி எடுத்துப் பயன்படுத்துவது திருட்டுக்குச் சமம் என்றும் எழுதினார்கள்!

இனி 'தி' கதைக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இன்றுபோல் 'தி' கட்டாயமாக இருக்கவில்லை. 'அந்த' என்று சுட்டும் சொல்தான் தேய்ந்து 'தி' ஆனது. 'ஒன்று' என்ற எண்ணுப்பெயர் தேய்ந்து 'எ', 'ஆன்' ஆயின. தமிழில் 'அந்த', 'ஒரு' என்ற இரண்டும் இருந்தாலும், அவை இல்லாமலே 'குளிர்காலத்தில்' என்று சொல்லிவிடுகிறோம். பழைய ஆங்கிலேயரும் கோடையில், குளிரில் என்று சொல்லச் சுட்டுச்சொல் இல்லாமலே பேச முடிந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இன்றைய 'இன் விண்டர்'. பிற்காலத்தில் 'தி' பரவியபோது 'இன் தி விண்டர்' என்பதும் சேர்ந்துகொண்டது. பொதுவாகப் பேசும்போது இரண்டுமே சரி, பொருளிலும் பெரிய வேறுபாடு இல்லை.

'ஃபால்' மட்டும் சற்று மாறுபட்டது. அது 'விழுதல்' என்ற அன்றாடச் சொல்லும்கூட. எந்த விழுதல் என்று சுட்டிக்காட்ட வேண்டியிருப்பதால், 'இன் தி ஃபால்' என்று 'தி' சேர்த்தே அமெரிக்கர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

குறிப்பிட்ட ஓர் ஆண்டின் பருவத்தைச் சொல்லும்போது 'தி' அவசியம். 1947இல் பிரிட்டனை வாட்டிய கடும் குளிரைச் சொல்ல 'தி விண்டர் ஆஃப் 1947' என்றே எழுத வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவில் 1968இல் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகளால் நசுக்கப்பட்ட சீர்திருத்த முயற்சியின் பெயர் 'தி ப்ராக் ஸ்பிரிங்'.

'எ' வருவதற்கும் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெயில் குறைந்து பயிர்கள் அழிந்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது! 1816ஐ 'தி இயர் விதவுட் எ சம்மர்', அதாவது ஒரு கோடைகூட இல்லாத ஆண்டு என்கிறார்கள். 'ஒன்று' என்ற பழைய பொருள் அந்த 'எ'யில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'லாஸ்ட் விண்டர்', 'திஸ் சம்மர்', 'நெக்ஸ்ட் ஸ்பிரிங்' என்று பேசும் நேரத்தை வைத்துச் சொல்லும்போது 'தி' வேண்டாம். சுட்டும் வேலையை முன்னால் நிற்கும் சொல்லே செய்துவிடுகிறது.

ஆகவே, 'பருவத்துக்கு முன் ஆர்ட்டிகிள் கூடாது' என்ற ஒற்றை வரியை மனப்பாடம் செய்தவர்கள் 1816ஐயும் 1947ஐயும் சந்திக்கும்போது மதிப்பெண் இழப்பார்கள். எந்தக் குளிர்காலம் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். பொதுவான குளிர்காலமா, குறிப்பிட்ட ஆண்டின் குளிர்காலமா என்பது தெரிந்துவிட்டால் விடையும் தெரிந்துவிடும்.