ஒடுக்கு எடுத்த கதை

காரில் ஒடுக்கு விழுந்தால் தமிழ்நாட்டில் 'டிங்கரிங் கடையில் விடு' என்பார்கள். ஆங்கிலத்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர். அந்தப் பெயர் கார்ப் பட்டறைக்கு வந்ததும் பொருத்தம்தான். கார் ஒடுக்கின் சரித்திரத்திலும் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு!

ஆரம்பகாலக் கார்களுக்கு மரச்சட்டத்தின் மேல்தான் தகடு அடித்தார்கள். 1912ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் தொடங்கிய நிறுவனம் முழுக்க எஃகிலேயே கார் உடல் செய்தது. 1914ல் வந்த டாட்ஜ் சகோதரர்களின் கார் அப்படிப்பட்டதுதான். எஃகு உடல் பரவப் பரவ, பழுது பார்ப்பதில் தச்சருக்கு வேலை குறைந்து, சுத்தியல் பிடித்தவருக்குக் கூடியது.

அந்த வேலை பார்ப்பதற்குத்தான் சுலபம். தகட்டின் உள்பக்கம் 'டாலி' என்ற கனமான இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, வெளியிலிருந்து தட்ட வேண்டும். டாலிக்கு நேர் மேலே அடித்தால் தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்கி விரியும். சற்றுத் தள்ளி அடித்தால் மேடு இறங்கும், டாலி இருக்கும் பள்ளம் மேலே ஏறும். அவசரப்பட்டு அதிகம் அடித்துவிட்டால் தகடு தளர்ந்து, விரலால் அழுத்தினாலே 'டப்' என்று உள்ளே போய்வரும். பிறகு அந்த இடத்தைச் சிவக்கச் சுட்டு, ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்க வேண்டும். கடைசியில் அரத்தை ஓட்டினால் மேடு பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். பொய் சொல்லாத கருவி!

அப்படியும் மிஞ்சும் பள்ளத்துக்கும், கை நுழையாத இடத்துக்கும்தான் ஈயம். காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு என்பது வழக்கமான கலவை. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். முழுதும் உருக 250 டிகிரி தாண்ட வேண்டும். நடுவே வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும்போது, கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் வழித்துப் பூசுவார்கள். காரீயத் தூள் நஞ்சு. அதனால்தான் இதை உப்புத்தாளால் தேய்க்காமல் அரத்தால் ராவுவது.

1950களில் பாலியெஸ்டர் பட்டி வந்தது. பிசினில் மாக்கல் தூள் கலந்தது. பெராக்சைடு பசை கொஞ்சம் சேர்த்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். தீயும் வேண்டாம், காரீயமும் வேண்டாம். மெல்லிய பூச்சாக இருக்கும்வரை நல்ல பொருள்தான். ஆனால் தட்டி எடுக்காமலேயே பள்ளத்தை மெத்திவிடலாம் என்ற வசதியும் கூடவே வந்துவிட்டது. பழைய கார் வாங்குபவர்கள் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பது இதற்குத்தான். எஃகுத் தகட்டில் அது நழுவும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள்.

1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டி மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் குழி விழுந்தன. இம்மாதிரிச் சேதத்துக்கு மிகவும் ஏற்றது பெயிண்ட் கெடாமல் ஒடுக்கு எடுக்கும் முறை. கோடுகோடான விளக்கொளியைத் தகட்டில் விழவைத்து, கோடு எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே, உள்ளிருந்து கம்பியால் அணு அணுவாகத் தள்ளுவார்கள். கூரையில் நூறு குழி இருந்தால் நூறையும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும்.