'ஆம்' எங்கே சார்?

ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் 'ஆம், இஸ், ஆர்' என்னை விடவில்லை. நம்மூர்ப் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்தியபோது பிள்ளைகள் 'ஐ ஸ்டூடன்ட்' என்றுதான் எழுதுவார்கள். நடுவில் 'ஆம்' வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், மறுநாள் 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று வரும். என் தண்டனை, மூன்று தரம் எழுது.

ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "'நான் மாணவன்'னு தமிழ்ல சொல்றோமே, அதுல 'ஆம்' எங்கே சார்?" என்றான். அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.

சரியான கேள்வி அது. தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கும். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. அந்த வினையும் ஒரே வேரில் முளைத்ததல்ல. 'ஆம்', 'இஸ்' இரண்டும் வடமொழி 'அஸ்மி', 'அஸ்தி'க்கு உறவு. 'வாஸ்' என்பது தங்குதல் என்ற பொருளுள்ள வேர். நம் 'வாசம்' அதன் உறவு. 'பீ' என்பதற்கு ஆகுதல் என்று மூலப்பொருள்.

கிரிவலத்தில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வரும். காரணம் உண்டு. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வேங்கடராமன், பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தரம் எழுத வேண்டும். அதுவும் தண்டனைதான். இரண்டு தரம் எழுதினார். மூன்றாவதை விட்டுவிட்டு வீட்டை விட்டே கிளம்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் சந்நிதியில் நின்றார். அவர் வைத்துவிட்டு வந்த கடிதம் 'நான்' என்று தொடங்கி, 'இது' என்று மாறி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடாக முடிந்தது.

1902இல் தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை, விரூபாட்ச குகையில் ரமணரைக் கண்டு கேட்டார்: 'நான் யார்?' மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டியே பதில் சொன்னார். 1923இல் அது புத்தகமானது. ஆங்கிலத்தில் 'ஹூ ஆம் ஐ' என்று மூன்று சொல். தமிழில் இரண்டே. நடுவில் ஒரு வினையும் இல்லை. ஆனால் கேள்வியில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். தம்பி, நீ கேட்டது சரி. தப்பு செய்தவன் நான்.