உப்புநீர் ஜாடியிலிருந்து பன்னிரண்டு லீட் வரை

ஈசிஜி எடுக்கக் கற்கும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே சில விதிகள் மனப்பாடமாகிவிடும். கை கால்களில் நான்கு மின்முனைகள், மார்பில் ஆறு. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓட வேண்டும். ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கோடு 10 மில்லிமீட்டர் எழ வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால் இயற்பியலைக் காட்டுவார்கள். அது பாதி விடைதான். மீதி, அந்தந்தக் காலத்து ஆய்வாளர்கள் கைவசம் இருந்த கருவியை வைத்து எடுத்த முடிவுகள்.

இதயம் துடிக்கும்போது மின்சாரம் எழுகிறது என்பதை 1842இல் இத்தாலியின் பீசா நகரில் கார்லோ மத்தேயுச்சி தவளையிடம் கண்டறிந்தார். 1856இல் கோலிக்கரும் முல்லரும் ஒரு தவளைக்காலின் நரம்பைத் துடிக்கும் இதயத்தின்மேல் கிடத்தினார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கால் வெட்டி இழுத்தது. நுட்பமான மீட்டர் இல்லாத நாளில் தவளைக்காலே மீட்டர்.

நெஞ்சைத் திறக்காமல் மனித இதயத்தின் மின்சாரத்தை முதலில் பதிந்தவர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்கும். அதன் நிழல், பொம்மை ரயிலில் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழும். உடலே மின்கடத்தி, ஆகவே இதயத்தின் மின்சாரம் கைகால்வரை எட்டும் என்பதை அவர் நிறுவினார். ஈசிஜியின் அடிப்படைக் கருத்து இதுதான். அவருடைய புல்டாக் நாய் ஜிம்மியும் பாதங்களை உப்புநீரில் வைத்துப் பொதுமேடைகளில் நின்றது. 1909இல் அது கொடுமை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது! இவ்வளவு செய்த வாலர், இந்தப் பதிவு மருத்துவமனையில் பரவலாகப் பயன்படும் என்று மட்டும் நம்பவில்லை.

நம்பியவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்து வில்லெம் ஐந்தோவன். ஜாவாவின் செமராங்கில் 1860இல் பிறந்தவர். வாலரின் செய்முறையை 1889இல் பாசல் மாநாட்டில் பார்த்தார். பாதரசம் கனமானது, வேகமான மாற்றத்தை அதனால் பின்தொடர முடியாது, அலைகள் மழுங்கிப் பதிவாகும். அந்தத் தாமதத்தை ஐந்தோவன் கணக்குப் போட்டு நீக்கினார். மழுங்கிய பதிவுக்கு ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்துகளை வைத்திருந்ததால், திருத்திய வரைவுக்கு 1895இல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். இன்றைய மாணவர் ஒப்பிக்கும் ஐந்து எழுத்துகள் அவை. அன்று அவை எந்தக் கருவியும் நேரில் காட்டாத, காகிதக் கணக்கில் மட்டும் இருந்த அலைகள்.

அவற்றை நேரில் காட்ட அவர் செய்தது இழைக் கால்வனாமீட்டர். உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது இழை அசையும். அதன் நிழலை நுண்ணோக்கி பெரிதாக்கிக் காட்டும். கணக்கில் கண்ட அலைகளே பதிவிலும் வந்தன. கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர். நோயாளியிடம் அதைத் தூக்கிச் செல்ல வழியில்லாததால், 1905இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே பதிவை வரவழைத்தார். தாள் வேகமும் மில்லிவோல்ட் அளவும் அவர் வகுத்தவையே. சிறு கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி என்று இன்று எண்ணுவது அந்தக் கணக்கைத்தான்.

கைகாலில் ஏன்? ஒட்டும் மின்முனை அப்போது கிடையாது. உப்புநீர் ஜாடிக்குள் எளிதாக முக்கக்கூடியவை கைகளும் கால்களும்தானே! இரு கைகள், இடது கால் ஆகிய மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று லீட்கள் அமைந்தன. வலது கால் எந்த லீடிலும் சேராது. இன்றைய கருவியில் அது இரைச்சலைக் குறைக்கத்தான். முதல் லீட் என்பது இடது கையின் மின்னழுத்தத்திலிருந்து வலது கையின் மின்னழுத்தத்தைக் கழித்தது. கைக் கம்பிகள் இடம் மாறினால் அந்த லீட் முழுதும் தலைகீழாகும். நோயாளியின் இதயம் வலப்பக்கம் இருப்பதாக முடிவுகட்டுமுன் கம்பியைப் பார்ப்பது நல்லது.

ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். வாலர் அதற்கு இரண்டாண்டு முன்பே இறந்திருந்தார். ஆனால் கருவியை நோயாளியின் பக்கம் திருப்பிய பெருமை லண்டனின் தாமஸ் லூயிஸுக்கு உரியது. தாறுமாறான நாடித்துடிப்புக்கு இதய மேலறை நடுக்கம் காரணம் என்பதை 1909இல் அவர் ஈசிஜியால் காட்டினார்.

கைகால் லீட்கள் இதயத்தை ஒரே தளத்தில்தான் பார்க்கும். முன்பின் திசை தெரிய வேண்டுமானால் மார்புக்கு வர வேண்டும். மிச்சிகனில் ஃபிராங்க் வில்சன் மூன்று கைகால் முனைகளையும் இணைத்து 1934இல் ஒரு பொதுப்புள்ளியை உருவாக்கியதும் வழி பிறந்தது. 1938இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவ அமைப்புகள் மார்பில் ஆறு இடங்களை வரையறுத்தன. 1942இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் மேலும் மூன்று கைகால் லீட்களைச் சேர்க்க, எண்ணிக்கை பன்னிரண்டானது.

பன்னிரண்டு லீட், ஆனால் மின்முனை பத்துதான். அதிலும் கைகால் லீட்கள் ஆறில் இரண்டை அளந்தால் போதும். மற்ற நான்கையும் இன்றைய கருவி கணக்கிட்டே வரைகிறது. இதை அறியாத மாணவர், பன்னிரண்டும் தனித்தனிச் சாட்சிகள் என்று நம்பிவிடுவார்.

கணக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும்; மின்முனையை வைப்பது மட்டும் இன்னும் மனிதக் கை. மார்பின் முதல் இரண்டையும் மிக மேலே ஒட்டுவது அடிக்கடி நேரும் பிழை. இல்லாத பழைய மாரடைப்பைக்கூட அது இருப்பதுபோல் காட்டிவிடும். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்குங்கள். மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் விலா இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இடைவெளி இறங்கி, நான்காவதில் மார்பெலும்பின் இருபுறமும் ஒட்டுங்கள்.