ஆறிய இறைச்சியும் 19 மரணங்களும்: ஒரு ஆஸ்பத்திரி சமையலறையின் கதை

1984 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வேக்ஃபீல்டு என்றொரு ஊர். அங்கே ஸ்டான்லி ராய்டு என்ற மனநல மருத்துவமனை. 1818-ல் ஏழை மனநோயாளிகளுக்கான காப்பகமாக ஆரம்பித்த பழைய இடம். திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பதால் நீண்ட வாரக்கடைசி. அன்று மாலைச் சாப்பாட்டில் முன்கூட்டியே சமைத்து, ஆறவைத்து, துண்டு போட்ட மாட்டிறைச்சியும் இருந்தது. அங்கே அது சர்வசாதாரணமான உணவு.

ஞாயிறு காலையில் வார்டு வார்டாக வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சால்மொனெல்லா. மொத்தம் 355 நோயாளிகளும் 106 ஊழியர்களும் பாதிக்கப்பட்டார்கள். 19 நோயாளிகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்.

குணமாக வேண்டிய இடத்தில், அங்கே போட்ட சோற்றாலேயே சாவு வந்தால் யாரைக் கேட்பது? அன்றைய பிரிட்டனில் இதற்குச் சட்டப்படி சரியான பதில் கிடையாது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கிருமி விஷயம். நன்றாகச் சமைத்த இறைச்சியில் சால்மொனெல்லா எப்படி வரும்? சமைக்கும்போது அது செத்துவிடும், உண்மைதான். ஆனால் வெந்த பிறகு கை, கத்தி, பலகை, பக்கத்தில் இருக்கும் பச்சை இறைச்சி என்று எது வழியாகவும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். அதன்பின் அது கேட்பது இரண்டே இரண்டுதான்: வெதுவெதுப்பு, நேரம். சூடான இடத்தில் இந்தக் கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 8 மடங்கு, ஐந்து மணி நேரத்தில் 32,000 மடங்குக்கும் மேல். ஸ்டான்லி ராய்டில் அந்த இறைச்சி குளிர்பெட்டிக்குள் போகாமல், கோடைக்காலச் சமையலறையில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறது. பார்த்தாலும் முகர்ந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

சரி, இதையெல்லாம் கண்காணிக்க ஆட்களே இல்லையா? இருந்தார்கள். ஊர் ஓட்டல்களையும் கசாப்புக் கடைகளையும் சோதிக்கும் சுகாதார அதிகாரிகள் உண்டு. சமையலறை மோசமாக இருந்தால் வழக்குப் போடலாம், கடையை மூடவும் வைக்கலாம். ஆனால் அரசு மருத்துவமனை விஷயத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. காரணம் ‘கிரவுன் இம்யூனிட்டி’, அதாவது மகுடத்துக்கு உள்ள சட்ட விலக்கு. அரசு மருத்துவமனை மகுடத்தின் சொத்து. மகுடத்தின் மீது மகுடத்தின் சட்டத்தை வைத்தே வழக்குப் போட முடியாது என்பது பழைய கோட்பாடு. அதிகாரி வந்து பார்க்கலாம், ஆலோசனை சொல்லலாம், கடிதம் எழுதலாம். அவ்வளவுதான். தெருமுனை டீக்கடைக்காரருக்கு இருந்த பயம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு இல்லை.

19 பேர் இறந்த பிறகு நிலைமை மாறியது. வழக்கறிஞர் ஜான் ஹ்யூகில் தலைமையில் பொது விசாரணை நடந்து, 1986 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. சமையலறை நடைமுறையை மட்டுமல்ல, நிர்வாகத்தையும் அது கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு பாராளுமன்றம் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. 1987 பிப்ரவரி முதல், உணவுச் சட்டத்தைப் பொறுத்தவரை மருத்துவமனைகளுக்கு இருந்த விலக்கு போய்விட்டது. இனி ஆஸ்பத்திரி சமையலறைக்கும் ஊர் ஓட்டலுக்கும் ஒரே சட்டம்.

இந்த இடத்தில்தான் ‘குக்-சில்’ என்ற முறை கதைக்குள் வருகிறது. சாப்பாட்டை ஒரு மையச் சமையலறையில் மொத்தமாகச் சமைத்து, வேகமாகக் குளிர்வித்து, சில நாள் வைத்திருந்து, வார்டில் மறுபடி சூடாக்கிப் பரிமாறுவது. புது முறை ஒன்றுமல்ல. 1980-லேயே அரசு இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருந்தது. ஆனால் சட்டம் மாறியதும் பழைய சமையலறைகளைச் சீர்செய்யும் செலவு நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. பல மருத்துவமனைகள் குக்-சில் பக்கம் திரும்பின.

‘சமைத்ததை ஆறவைத்து எடுத்து வைப்பது’ என்று கேட்டால், ஸ்டான்லி ராய்டில் நடந்ததும் அதுதானே என்று தோன்றும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், கடிகாரத்திலும் தெர்மாமீட்டரிலும். 1989-ல் திருத்தி வெளியிட்ட நெறிகளைப் பாருங்கள். உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 நிமிடம் இருக்க வேண்டும். சமைத்த 30 நிமிடத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, அடுத்த 90 நிமிடத்துக்குள் 3 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சமைத்த நாளும் சாப்பிடும் நாளும் சேர்த்து ஐந்தே நாள்தான் ஆயுள். வழியில் வெப்பநிலை 5 டிகிரியைத் தாண்டினால் 12 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினால் குப்பைத்தொட்டி. பரிமாறும் முன் மறுபடி 70 டிகிரி, 2 நிமிடம். பெரிய இறைச்சித் துண்டு உள்ளே சீக்கிரம் ஆறாது என்பதால் அதன் எடை 2.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்றுகூட ஒரு விதி.

அது ஏன் ஐந்து நாள்? ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது? இங்கேதான் லிஸ்டீரியா வருகிறது. சால்மொனெல்லா குளிரில் அடங்கிவிடும். லிஸ்டீரியா அடங்காது. 3 டிகிரியிலும் மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டே இருக்கும். ஆரோக்கியமானவர்களை அதிகம் தொந்தரவு செய்யாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் உயிரையே எடுத்துவிடும். ஒரு மருத்துவமனையின் படுக்கைகளில் இருப்பவர்கள் இவர்கள்தானே? 1980-களின் இறுதியில் லீட்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் ரிச்சர்ட் லேசி போன்றவர்கள் குக்-சில்லை எதிர்த்துக் குரல் கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பது 2019-ல் தெரிந்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொடுத்த, இறைச்சி வைத்த குளிர்ந்த சாண்ட்விச்கள் வழியாக லிஸ்டீரியா பரவி நோயாளிகள் இறந்தார்கள். சாண்ட்விச்சை யாரும் சூடாக்கிச் சாப்பிடுவதில்லை. அதனால் குக்-சில்லில் இருக்கும் கடைசிப் பாதுகாப்பான அந்த இரண்டாவது 70 டிகிரி அங்கே இல்லை. அரசு மறுபடி ஒரு குழு போட்டது. மருத்துவமனை உணவு பற்றிய அதன் அறிக்கை 2020-ல் வந்தது.

35 வருட இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. நமக்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் தருகிறது. அந்த அவகாசம் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதியதை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து, தப்பென்றால் கதவை மூடும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரியிலாவது ‘நவீன சமையலறை’ என்று பெருமையாகச் சொன்னால், இயந்திரத்தின் விலையைக் கேட்காதீர்கள். நேற்றைய வெப்பநிலைப் பதிவேட்டைக் கேளுங்கள்.