இரண்டு எழுத்துக்கு நூறு லிரா: நெவ்ரோஸ் விழாவும் துருக்கிக் காவல்துறையும்

2005-ஆம் ஆண்டு துருக்கியின் தென்கிழக்கிலுள்ள சியிர்த் நகரின் நீதிமன்றம் ஒன்று 20 பேருக்குத் தலா 100 லிரா அபராதம் விதித்தது. குர்து மக்களின் புத்தாண்டு விழாவில் அவர்கள் ஏந்திய பதாகைகளில் 'க்யூ', 'டபிள்யூ' என்னும் இரண்டு எழுத்துகள் இருந்தன என்பதே குற்றம். தண்டனைக்கு அடிப்படையாக அமைந்தது 1928 நவம்பர் 1-ஆம் நாள் இயற்றப்பட்ட 1353-ஆம் எண் எழுத்துச் சட்டம்.

அரபு எழுத்தைக் கைவிட்டு 29 இலத்தீன் எழுத்துகளைத் துருக்கி மொழிக்கு வகுத்த சட்டம் அது. துருக்கியின் ஒலியமைப்புக்குத் தேவையற்றவை எனக் கருதப்பட்டதால் க்யூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்றும் அந்த நெடுங்கணக்கில் இடம்பெறவில்லை. அந்த நீக்கம் குர்தி மொழியைக் குறிவைத்துச் செய்யப்பட்டதன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குர்மாஞ்சி வழக்குக்கான இலத்தீன் எழுத்துமுறையை ஜெலாதெத் அலி பெதிர்கான் 'ஹாவார்' இதழின் வழியே டமாஸ்கசிலிருந்து பரப்பத் தொடங்கியது 1932-இல், அதாவது நான்கு ஆண்டுகள் கழித்தே. எழுத்தறிவைப் பரப்பவும் உதுமானியப் பழமையிலிருந்து விலகவும் செய்த சட்டம், அரை நூற்றாண்டுக்குப் பின் காவலர் கையில் வேறொரு கருவியாயிற்று. அச்சட்டத்தை மீறுவோருக்குத் தண்டனை கூறிய குற்றவியல் சட்டத்தின் 222-ஆம் பிரிவு, 1925-ஆம் ஆண்டின் தொப்பிச் சட்டத்தையும் தன்னுள் கொண்டிருந்தது. தலையில் எதை அணிவது, தாளில் எதை எழுதுவது என்ற இரண்டையும் ஒரே பிரிவு காத்துவந்தது.

தனியார் தொலைக்காட்சியான 'ஷோ டிவி' தன் பெயரில் டபிள்யூவைத் தாங்கியே நாடெங்கும் ஒளிபரப்பாகிவந்தது. அதன்மேல் எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. தியார்பக்கிர் மேயர் ஒஸ்மான் பாய்டெமிர் அதே எழுத்தை வாழ்த்து அட்டையில் இட்டதற்காக விசாரணைக்கு ஆளானார். ஆக, தடை எழுத்தின்மீது அன்று. அந்த எழுத்து எந்த மொழியில் நிற்கிறது என்பதன்மீது.

துருக்கி அரசு ஏற்கும் வடிவம் 'நெவ்ருஸ்'. குர்து மக்கள் எழுதும் வடிவம் 'நெவ்ரோஸ்'. முன்னதில் 'வீ', பின்னதில் 'டபிள்யூ'. தமிழில் எழுதும்போது இந்தச் சண்டையே மறைந்துபோகிறது. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே வகரம்தான். வேறுபாட்டை அதன்பின் வரும் உயிர் மட்டுமே காட்டுகிறது. மொழியியல் நோக்கில் இன்னொரு விந்தையும் உண்டு. பழைய ஈரானிய மொழியின் ஒரு சகர ஒலி பாரசீகத்தில் 'ஸ்' போன்ற அதிரொலியாகவும், குர்தியில் 'ழ்ஷ்' போன்ற அண்ண ஒலியாகவும் திரிந்தது. பகலைப் பாரசீகர் 'ரூஸ்' என்பர். குர்து மக்கள் 'ரோஜ்' என்பர். இவ்விரு மொழிகளின் கிளைகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இது முதன்மையானது. அந்த விதிப்படி பார்த்தால் 'நெவ்ரோஸ்' என்பதன் ஈற்றொலி குர்தியின் இயல்பான ஒலி அன்று. பாரசீகச் சொல்லாகவே அது உள்ளே வந்தது. கடன் வாங்கிய சொல் ஒன்றின் நடுவிலிருக்கும் ஒற்றெழுத்துக்காக ஒரு மக்கள்கூட்டம் நீதிமன்றம் ஏறியது. தூய்மைவாதிகளுக்கு இது சங்கடமாக இருக்கலாம். ஆனால் சொல்லின் பிறப்பும் சொல்லின் உரிமையும் வெவ்வேறு செய்திகள்.

விழாவின் தொன்மமும் அப்படிப்பட்டதே. தோளிலிருந்து பாம்புகள் முளைத்த கொடுங்கோலன் சஹ்ஹாக்கையும், அவனுக்கெதிராகத் தோலாடையைக் கொடியாக்கிய கொல்லன் காவேயையும் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கப்பட்ட பிர்தௌசியின் 'ஷாநாமா'விலேயே காணலாம். குர்து வடிவத்தில் கொல்லன் காவா கொடுங்கோலனைத் தன் சம்மட்டியால் வீழ்த்துகிறான். வெற்றியை அறிவிக்க மலைமேல் தீ மூட்டுகிறான். வசந்தத்தின் வரவைக் கொண்டாடும் நாளும் இந்த விடுதலைக் கதையும் இருபதாம் நூற்றாண்டுத் தேசிய எழுத்தாளர்கள் கையில் இறுகப் பிணைந்தன. துருக்கியில் 1970-களின் குர்து இடதுசாரி இயக்கங்கள் அந்தப் பிணைப்பை வீதிக்குக் கொண்டுவந்தன. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவரான மஸ்லும் தோவான் 1982 மார்ச்சில் நெவ்ரோஸ் நாளையொட்டித் தியார்பக்கிர் இராணுவச் சிறையில் இறந்தார். அன்றிரவு அவர் மூன்று தீக்குச்சிகளைக் கொளுத்தினார் என்பது அவ்வியக்கத்தார் சொல்லிவரும் கதை. அதன்பின் அவரைக் 'காலத்தின் காவா' என்றே அழைத்தனர்.

ஆகவே நெவ்ரோஸ் வெறும் பண்பாட்டு விழா என்று வாதிடுவது எளிதன்று. அது அரசியலும்தான். துருக்கி அதிகாரிகள் ஆண்டுதோறும் சொல்லிவந்த 'விழாவுக்குத் தடை இல்லை, பரப்புரைக்குத்தான் தடை' என்ற வாசகத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. கேள்வி அந்தக் கோட்டை வரைவது யார், எங்கே வரைகிறார்கள் என்பதுதான். 1983-ஆம் ஆண்டின் 2932-ஆம் எண் சட்டம் குர்தி மொழியில் கருத்து வெளியிடுவதையே தடுத்திருந்தது. 1991 ஏப்ரலில் அச்சட்டம் நீங்கும்வரை ஒரு தாலாட்டைப் பொதுமேடையில் பாடுவதும் முழக்கமிடுவதும் காவலருக்கு ஒன்றே. எல்லாவற்றையும் அரசியலாக்கிவைத்த பிறகு, அது ஏன் அரசியலாயிற்று என்று வியப்பது பொருந்தாது.

மொழித்தடை நீங்கிய அதே நாளில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் பிறந்தது. உண்மையில் அந்தச் சட்டத்தின் ஒரு விதியே தடையை நீக்கியது. அவ்வாண்டு ஜூலையில் மக்கள் உழைப்புக் கட்சியின் தியார்பக்கிர் தலைவர் வேதாத் அய்தின் கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பாதுகாப்புப் படை சுட்டதில் மேலும் சிலர் இறந்தனர். டிசம்பரில் பிரதமர் சுலைமான் தெமிரெல் தியார்பக்கிருக்கு வந்து, குர்து என்னும் உண்மையை அரசு ஏற்கிறது என்று அறிவித்தார். நம்பிக்கையோடு வந்த அடுத்த மார்ச் மாதம்தான் எல்லாவற்றினும் கொடியதாயிற்று.

1992 மார்ச் 21-ஐ ஒட்டிய நாள்களில் ஜிஸ்ரே, ஷிர்னாக், நுசைபின் ஆகிய ஊர்களில் 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மனித உரிமை அமைப்புகளின் கணக்கு 90-ஐத் தாண்டுகிறது. ஆயுதப் போராளிகள் கூட்டத்திலிருந்து சுட்டனர் என்றது அரசு. போராளி இயக்கம் அந்த ஆண்டு எழுச்சிக்கு அழைப்பு விடுத்திருந்தது என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இறந்தவர்களுள் பெரும்பாலோர் ஊர்வலம் சென்ற பொதுமக்கள் என்றே நேரில் கண்டோர் பதிவு செய்தனர். மார்ச் 23 அன்று ஜிஸ்ரேயில், ஊரடங்கின்போது வெள்ளைக் கொடி பிடித்துச் சென்ற செய்தியாளர் குழுவிலிருந்த 'சபாஹ்' நாளிதழின் இஸ்ஸெத் கெஸெர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் அதிர்வு ஜெர்மனி வரை சென்றது. நாடாளுமன்றம் நிறுத்திவைத்திருந்த பீரங்கி வண்டிகள் துருக்கிக்கு அனுப்பப்பட்டிருந்தது வெளிப்பட்டு, பாதுகாப்பு அமைச்சர் கெர்ஹார்ட் ஸ்டோல்டன்பெர்க் அம்மாத இறுதியில் பதவி விலகினார். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் விழாத்தீ ஐரோப்பிய அமைச்சர் ஒருவரின் நாற்காலியை எரித்தது.

சுட்டு அடக்க முடியாத விழாவை அரசு பிறகு தானே கொண்டாடத் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் சிதறி மைய ஆசியத் துருக்கிய நாடுகள் தனித்தெழுந்த காலம் அது. அந்நாடுகளிலும் மார்ச் 21 விழாநாளே. 1990-களின் நடுவிலிருந்து 'நெவ்ருஸ்' தொன்மையான துருக்கியத் திருநாள் என்று பாடநூல்களும் அமைச்சகங்களும் அறிவித்தன. இரும்பு மலையை உருக்கி வழிகண்ட எர்கெனெகோன் தொன்மம் அதற்கு மூலக்கதையாக்கப்பட்டது. அமைச்சர்களும் படைத்தளபதிகளும் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நெருப்பைத் தாண்டினர். பட்டடையில் வைத்த சிவந்த இரும்பைச் சம்மட்டியால் அடித்தனர். அங்கும் ஒரு கொல்லன், இங்கும் ஒரு கொல்லன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூவண்ணமும்கூடத் துருக்கியருடையதே என்று வாதிடப்பட்டது. நாற்றுப்பட்ட வயலில் வேலியை மட்டும் மாற்றி நட்டதைப் போன்றது அது.

சிரியா இதைவிடச் சுருக்கமான வழியைக் கண்டது. 1986-இல் டமாஸ்கசில் விழாவுக்குச் செல்லத் திரண்ட குர்து மக்கள்மீது காவல்படை சுட்டதில் சுலைமான் அதே என்ற இளைஞர் உயிரிழந்தார். இரண்டு ஆண்டுகளில் ஹாஃபிஸ் அல்-அசாத் அரசு மார்ச் 21-ஐ விடுமுறையாக்கியது. ஆனால் விடுமுறையின் பெயர் அன்னையர் நாள். ஊர் முழுக்க ஓய்வு. நெவ்ரோஸ் என்ற சொல் மட்டும் இல்லை. 2008-இல் அதே விழாவின் முன்னிரவில் கமிஷ்லியில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2000-க்குப் பின் துருக்கியில் துப்பாக்கிக் குண்டின் இடத்தைப் பெருமளவு கண்ணீர்ப்புகை பிடித்தது. இதை மென்மை என்று கொள்வதற்கில்லை. 2006 மார்ச் இறுதியில், மோதலில் இறந்த 14 போராளிகளின் இறுதிச் சடங்கை ஒட்டித் தியார்பக்கிரில் கலவரம் மூண்டது. மார்ச் 29 அன்று 13 வயதுச் சிறுவன் ஒருவனின் மூக்கைப் புகைக்குண்டு உடைத்தது. இளைஞர் ஒருவர் தலையில் பாய்ந்த குண்டால் இறந்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முறையே 2013-லும் 2014-லும் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குண்டை ஆள்மீது நேராக எய்வது முறையான காவல்பணி ஆகாது என்றது; அத்தகைய குண்டுகளை எவ்வாறு பயன்படுத்துவது என்று கூறும் விதி அன்று துருக்கிச் சட்டத்தில் இல்லை என்பதையும் சுட்டியது. இரண்டாம் வழக்கில் சுட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. காவலர்கள் முகத்தை மூடிய துணிக்கவசம் அணிந்திருந்தனர். முகம் மறைத்து வரும் ஆர்ப்பாட்டக்காரரைக் கடுமையாகத் தண்டிக்கும் நாட்டில், முகம் மறைத்த காவலரை அடையாளம் காண வழியில்லாமற் போனது.

அதே இறுதிச் சடங்குகளில் ஒன்றில் சவப்பெட்டிக்கு முன் நடந்ததும், விரலால் வெற்றிக் குறி காட்டியதும், பின்னர்ப் பல்கலைக்கழக ஆர்ப்பாட்டமொன்றில் கைதட்டியதும் சான்றாகக் கொள்ளப்பட்டு மாணவர் ஒருவருக்கு ஆறேகால் ஆண்டுச் சிறை கிடைத்தது. 2008 ஜூலையில் ஆர்ப்பாட்டத்தில் கல்லெறிந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஏழரை ஆண்டு. இரண்டையும் ஸ்திராஸ்பூர்க் நீதிமன்றம் உரிமை மீறல் என்றது. ஆனால் எழுத்து விவகாரத்தில் அந்நீதிமன்றம் துருக்கியின் பக்கமே நின்றது. தம் பெயர்களை க்யூ, டபிள்யூ, எக்ஸ் கொண்டு எழுதக் கோரிய குர்து மக்களின் மனுவில் மீறல் இல்லை என்று 2010-இல் தீர்ப்பளித்தது. மூக்கு உடைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பெயர் உடைந்தால் தெரிவதில்லை போலும்.

நாளையும் காவல் செய்தனர். 1983-ஆம் ஆண்டின் 2911-ஆம் எண் கூட்டச் சட்டப்படி 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். இடத்தை மாற்றவும் ஒத்திவைக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. 2012-இல் ஞாயிற்றுக்கிழமையான மார்ச் 18 அன்று விழாவை வைத்துக்கொள்ள அமைப்பாளர்கள் முடிவு செய்தனர். நெவ்ரோஸ் 21-ஆம் நாள்தான் என்று அரசு மறுத்தது. குர்து விழாவே இல்லை என்று முன்பு சொன்ன அரசு, இப்போது அதன் திதியைக் கணித்துத் தந்தது. தடையை மீறிக் கூடியோர்மீது இஸ்தான்புல்லிலும் தியார்பக்கிரிலும் நீர்ப்பீரங்கியும் புகைக்குண்டும் பாய்ந்தன. இஸ்தான்புல்லில் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் உயிரிழந்தார்.

அடுத்த ஆண்டு அதே தியார்பக்கிரில் பல இலட்சம் பேர் கூடினர். சிறையிலிருந்த அப்துல்லா ஓஜலானின் போர்நிறுத்த அறிக்கையைக் குர்தியில் பெர்வின் புல்தானும் துருக்கியில் சிர்ரி சுரெய்யா ஓந்தெரும் படித்தனர். காவலர் தள்ளி நின்றனர். பெரும் அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை. காவல்படை விலகி நிற்கும் நெவ்ரோஸ் அமைதியாகவே முடிகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத் தொகுப்பு 2014 மார்ச்சில் சட்டமாகி, 222-ஆம் பிரிவை நீக்கியது. தொப்பியும் எழுத்தும் ஒன்றாகவே விடுதலையாயின.

இதற்கிடையே 2009-இல் யுனெஸ்கோ இவ்விழாவை மனிதகுலத்தின் பொருள்சாராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது. முன்மொழிந்த ஏழு நாடுகளுள் துருக்கியும் உண்டு, பார்சி மக்களின் நவ்ரோஸ் வழியே இந்தியாவும் உண்டு. பட்டியலின் தலைப்பில் விழாவின் பெயர் ஆறு விதமாக எழுதப்பட்டிருந்தது. டபிள்யூவும் இருந்தது, பாரசீக வடிவத்தில். குர்து வடிவம் அந்த ஆறில் இல்லை.

2015 கோடையில் அமைதிப் பேச்சு முறிந்தது. 2017 மார்ச் 21 அன்று, நெருக்கடிநிலையின் நடுவே, தியார்பக்கிர் விழாத்திடலின் சோதனைச் சாவடியில் 23 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வெடிகுண்டு வைத்திருப்பதாக ஐயுற்றதாக முதலில் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த செய்தி ஒளிப்படக்காரர் ஒருவர் அடுத்தடுத்து எடுத்த படங்களில் அந்த இளைஞர் சட்டையில்லாத வெற்றுடம்போடு ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. வழக்கு விசாரணைக்கு வந்த காவலர் 2020 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். படமெடுத்தவர்மீதும் பிறகு வழக்கு வந்தது. பயங்கரவாதப் பரப்புரைக் குற்றத்துக்காக 2022-இல் அவருக்கு ஓராண்டு ஆறு மாதம் 22 நாள் சிறை விதிக்கப்பட்டது.