புது கிராஃபிக்ஸ் கார்டு வந்தாச்சு... பழசை வாங்கலாமா, புதுசுக்குக் காத்திருக்கலாமா?

காசு சேர்த்து, கடைக்குக் கிளம்புற நேரத்துலதான் அடுத்த தலைமுறை கார்டு அறிவிப்பு வரும். 'பழசு விலை குறையும், வெயிட் பண்ணு' என்பார் ஒரு நண்பர். 'புதுசுதான் கெத்து' என்பார் இன்னொருவர். இதில் நம்ப வேண்டியது கால்குலேட்டரைத்தான் பாஸ்!

அறிவிப்பு வேற, ரிசல்ட் வேற

549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலருக்கு அறிமுகமான 4090-க்கு இணையாக ஓடும் என 2025 ஜனவரியில் சொன்னது என்விடியா. ஏஐ உருவாக்கும் ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு அது. அந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தால், 599 டாலருக்கு வந்த பழைய 4070 சூப்பரை ஒட்டியே நின்றது. மெமரியும் இரண்டிலும் 12 ஜிபிதான்.

பழசு விலை குறையுமா?

எப்போதும் இல்லை. 2022-ல் ஈத்தீரியம் மைனிங் நின்றதும் செகண்ட்ஹேண்ட் கார்டுகள் குவிந்து, விலை சரிந்தது. ஆனால், 4090 தயாரிப்பு நின்ற பிறகு, விலை இறங்காமல் ஏறியது. கடையில் ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது என்பதே விஷயம்.

ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு?

கார்டின் இன்றைய கடை விலையை, நீங்கள் ஆடும் கேமில் கிடைக்கும் சராசரி எஃப்பிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, பழைய கார்டு ரூ.48,000, 80 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ரூ.600. புதுசு ரூ.60,000, 90 எஃப்பிஎஸ் என்றால் ரூ.667. இங்கே பழசுதான் லாபம். டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போடாதீங்க, வரியெல்லாம் சேர்ந்த பில் தொகைதான் முக்கியம்.

இதையும் செக் பண்ணுங்க

* மெமரி: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகள் உண்டு. புது கேம்களுக்கு 8 ஜிபி திணறலாம்.
* வசதிகள்: மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் 50 சீரிஸுக்கு மட்டும். டிஎல்எஸ்எஸ் 4-ன் மேம்பட்ட அப்ஸ்கேலிங், 20 சீரிஸ் வரை எல்லா ஆர்டிஎக்ஸிலும் கிடைக்கும்.
* பவர்: 4070 சூப்பருக்கு 220 வாட்ஸ், 5070-க்கு 250 வாட்ஸ். பவர் சப்ளையையும் மாற்ற வேண்டிவந்தால், அந்தச் செலவையும் சேருங்கள்.
* வாரன்ட்டி: செகண்ட்ஹேண்ட் என்றால் பில், சீரியல் நம்பர் இல்லாமல் வாங்காதீங்க.

இருக்கும் கார்டில் கேம் ஓடுகிறதா? டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை பொறுங்கள். கார்டே இல்லையா? ஃபிரேம் கணக்கில் எது ஜெயிக்கிறதோ, அதை இன்றே வாங்கலாம். பெட்டியில் இருக்கும் நம்பருக்காக எக்ஸ்ட்ரா காசு வேண்டாமே!